கரண்ட் போய் வந்தால் டிவியில் வைஃபை இருக்கிறது, நெட் இல்லை (ஏற்காடு, கல் வீடு)

குகை தையல் எழுதியது:

வணக்கம். சேலம் குகையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கேள்வி என் வீட்டு டிவியைப் பற்றி இல்லை, ஏற்காட்டில் இருக்கும் அப்பாவின் டிவியைப் பற்றி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். இதுவரை ஃபோனில் கேட்ட இடத்தில் எல்லாம் "பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அதனால் எது முக்கியம், எது இல்லை என்று நானே முடிவு செய்யாமல் பார்த்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. ஒரு காப்பி எஸ்டேட்டில் 36 வருடம் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்தவர். நாகலூர் போகும் வழியில் தாத்தா காலத்துக் கல் வீட்டில் தனியாக இருக்கிறார். சுவர் ஒன்றரை அடி கனம். ரோட்டுப் பக்கம் அவர் கணக்கு எழுதும் சின்ன அறை, அதை இன்றைக்கும் ஆபீஸ் ரூம் என்றுதான் சொல்வோம். அதை அடுத்துப் படுக்கை அறை, அதற்கும் பின்னால் ஹால். ஃபைபர் வயர் ஆபீஸ் ரூம் ஜன்னல் வழியாக வருகிறது, வைஃபை தரும் பாக்ஸும் (ரவுட்டர்) அங்கேயே. டிவி ஹாலில். நடுவில் இரண்டு கல் சுவர்.

டிவி 43 அங்குலம், ஆண்ட்ராய்டு. தம்பி வாங்கிக் கொடுத்தது. கடையில் இருந்து வந்த பையன் வைஃபை போட்டுக் கொடுத்துவிட்டு, இருட்டும் முன் மலை இறங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டான். முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. மழை பிடித்ததும் ஆரம்பித்தது. மேலே மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கரண்ட் போகும். போய் வந்தால் டிவியில் வைஃபை பெயருக்குக் கீழே "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை" என்று வருகிறது. யூடியூப் திறக்காது, எதுவும் திறக்காது. அதே வைஃபையில் என் ஃபோன் நன்றாக ஓடுகிறது, டிவிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் ஓடுகிறது.

பாஸ்வேர்டை மறுபடி அடித்துப் பார்த்தேன். வைஃபை பெயரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்து, எல்லாவற்றையும் முதலில் இருந்து போட்டேன். புதன்கிழமை கரண்ட் போனது, பழையபடி ஆகிவிட்டது. சில நாள் ஒன்றும் செய்யாமலே மறுநாள் காலையில் தானாகச் சரியாகியும் இருக்கிறது.

இன்னொன்று. இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. நெட் வராத நேரத்தில் எல்லாம் டிவி ஓரத்தில் மணி தப்பாகக் காட்டுகிறது. போன முறை இரவு ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் டிவியில் 5.40. அதற்கு முந்தைய முறையும் ஐந்தரையை ஒட்டித்தான் இருந்தது.

இது போக, நெட் வரும் நாளிலும் ராத்திரி ஏழரைக்கு மேல் படம் நின்று நின்று ஓடுகிறது என்று அப்பா சொல்கிறார். பகலில் நான் இருக்கும்போது அப்படி நின்றதே இல்லை.

எனக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா குறை சொல்ல மாட்டார். ஃபோனில் "டிவி பார்த்தீங்களா" என்றால் "ம், பார்த்தேன்" என்பார். பதினோரு நாள் டிவியே ஓடவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. விளக்கு வைத்ததில் இருந்து படுக்கும் வரைக்குமான நேரம்தான் அவருக்கு நீளம். பத்துப் பொத்தானை வரிசையாக அழுத்தச் சொல்லும் வழி வேண்டாம். கரண்ட் வந்தால் டிவி தானாகப் பிழைத்துக்கொள்ள வேண்டும். கடையை மூடிவிட்டு இரண்டு பஸ் மாறி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி நான் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

செவ்வாய்பேட்டை மைக் செட் எழுதியது:

அக்கா, இப்படி விவரமாகக் கேட்டால் பதில் சொல்வதும் சுலபம். நான்கு விஷயம் தெரிய வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் ஃபோனில் வேகம் எவ்வளவு வருகிறது? வைஃபை பெயர் ஒன்றுதானா, இல்லை அதே பெயரின் கடைசியில் 5ஜி என்று சேர்த்து இன்னொன்றும் இருக்கிறதா? (இந்த 5ஜி ஃபோன் சிம்மின் 5ஜி இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் அப்படிப் போடுகிறார்கள். அது வேகமானது, ஆனால் உங்கள் கல் சுவரைத் தாண்டுவது கடினம். 2.4 வேகம் குறைவு, சுவருக்கு அதுதான் பரவாயில்லை.) எத்தனை எம்பிபிஎஸ் பிளான்? கடைசியாக, ராத்திரி ஏழரைக்கு அப்பா டிவி பார்ப்பதில் பகலில் இல்லாத ஏதாவது உண்டா?

எக்ஸ்டெண்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்னப் பெட்டி) வாங்குங்கள் என்று இங்கேயே யாராவது சொல்வார்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள். சிக்னல் ஏற்கனவே மெலிந்த இடத்தில் அதை மாட்டினால், மெலிந்த சிக்னலைத்தான் திருப்பி அனுப்பும்.

குகை தையல் எழுதியது:

நன்றி அண்ணா. டிவி பக்கத்தில் ஃபோனில் 20 வந்தது. பிளான் 60. இரண்டு பெயர் இருக்கின்றன. ஹாலில் 5ஜி பெயர் கண்ணில் படுவதே இல்லை, அதனால் டிவி சாதாரணப் பெயரில்தான் இருக்கிறது. ராத்திரியில் வித்தியாசம் என்று எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

ஃபைபர் ஏணி எழுதியது:

நான் லைன் வேலை பார்ப்பவன். அயோத்தியாப்பட்டினம் பக்கம். உங்கள் கேள்வியில் எல்லாரும் விட்டுவிட்டுப் போகக்கூடிய ஒரு வரி இருக்கிறது. விடை அதில்தான் இருக்கிறது.

5.40 என்று சொன்னீர்களே, கரண்ட் வந்து பத்து நிமிடத்தில். அதாவது கரண்ட் வந்த நிமிடத்தில் அந்த டிவிக்கு மணி சரியாக 5.30. அது நின்றுபோன மணி இல்லை. அடுத்த தடவை செட்டிங்ஸில் டேட் அண்ட் டைம் திறந்து தேதியைப் பாருங்கள். 1970 ஜனவரி 1 என்று இருக்கும், பந்தயமே கட்டுவேன்.

ஆண்ட்ராய்டு போன்றவை 1970 ஜனவரி 1 நள்ளிரவில் இருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்றுதான் உள்ளுக்குள் நேரத்தை எண்ணுகின்றன. அந்த நள்ளிரவு கிரீன்விச் நேரத்தில். நம் நாட்டு மணி அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விட்டால் இந்தியாவில் இருக்கும் டிவி விடிகாலை 5.30 என்று காட்டும். ரிமோட்டில் அணைத்தால் டிவி அரைத்தூக்கத்தில் இருக்கும், மணி ஓடிக்கொண்டே இருக்கும். கரண்டே போய்விட்டால் நிறைய டிவிகளில் மணியை நினைவில் வைத்துக்கொள்ள உள்ளே பேட்டரி கிடையாது. ஃபோனுக்குப் பேட்டரி இருக்கிறது, அதனால் அதற்கு இந்தத் தொல்லை வருவதில்லை.

மணி தப்பானால் நெட் ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். யூடியூப் மாதிரித் தளங்கள் ஒவ்வொன்றும் "நான் உண்மையான ஆள்தான்" என்று காட்டுவதற்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கின்றன. எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். உங்கள் டிவியின் கணக்கில் இன்றைக்கு 1970. சான்றிதழ் செல்ல ஆரம்பிக்கும் நாளே இன்னும் வரவில்லை. அதனால் எல்லாச் சான்றிதழையும் போலி என்று தள்ளிவிடுகிறது. வைஃபை சேருகிறது, உள்ளே போகும் கதவு மட்டும் திறப்பதில்லை. நெட் இருக்கிறதா என்று டிவி சோதித்துப் பார்ப்பதும் இதே சான்றிதழ் வழியாகத்தான், அதனால் "இணையம் இல்லை" என்று எழுதிக் காட்டுகிறது. நீங்கள் மாற்றி மாற்றி அடித்த பாஸ்வேர்டில் ஒரு தப்பும் இருந்ததில்லை.

சரி, தானாகவே மணியைத் திருத்திக்கொள்ளக் கூடாதா? திருத்திக்கொள்ளத்தான் செய்யும். டிவி எழுந்ததும் நெட்டில் ஓர் இடத்தில் மணி கேட்கும். இங்கேதான் சிக்கல். கரண்ட் வந்ததும் டிவியும் பாக்ஸும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. பாக்ஸ் முழுதாக எழுந்து எக்ஸ்சேஞ்சோடு பேசி முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். டிவி அதற்கு முன்பே மணி கேட்டுவிடுகிறது. பதில் வரவில்லை என்றால் மறுபடி கேட்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் தானாகச் சரியானது என்றீர்களே, அது இரண்டாவது தடவை கேட்டுப் பதில் வந்த நாள்.

அவசரத்துக்கு ஒரு வழி: டேட் அண்ட் டைமில் "நெட்வொர்க் தரும் நேரம்" என்பதை அணைத்து மறுபடி போடுங்கள். வராவிட்டால் தேதியைக் கையால் போடுங்கள். உடனே நெட் வரும். ஆனால் நீங்கள் கேட்டது இது இல்லை. நிரந்தர வழி, பாக்ஸைத் தூங்கவே விடாமல் இருப்பது. ரவுட்டருக்கென்று மினி யூபிஎஸ் விற்கிறார்கள், உள்ளே பேட்டரி இருக்கும் கையகலப் பெட்டி. அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதற்குச் சரியாக வாங்குங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான், இருந்தாலும் பார்த்துவிடுங்கள். எங்கள் லைனில் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் வெறும் கண்ணாடி இழைதான், கரண்ட் தேவைப்படும் பொருள் எதுவும் நடுவில் இல்லை. அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சும் இந்தப் பக்கம் பாக்ஸும் விழித்திருந்தால் ஏற்காடு முழுக்க இருட்டாக இருந்தாலும் நெட் ஓடும். அப்புறம் டிவி எப்போது எழுந்தாலும் கேட்ட உடனே மணி கிடைத்துவிடும்.

ஓர் உதவி. கரண்ட் போன நேரம், வந்த நேரம், டிவியில் நெட் வந்ததா இல்லையா, இந்த மூன்றையும் இரண்டு வாரம் குறித்து வைக்க அப்பாவால் முடியுமா? நான் சொன்னது சரியா தப்பா என்று அதில் தெரிந்துவிடும்.

செம்மடுவு வீடு எழுதியது:

நாங்களும் மேலேதான் இருக்கிறோம், அதே மாதிரி கல் வீடு. லைன்காரத் தம்பி சொன்னது சரியாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் நடந்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா, ஏனென்றால் அடுத்து யாராவது வைஃபைக்குப் பதில் பாக்ஸில் இருந்து டிவிக்கு நேராக லேன் வயர் இழுக்கச் சொல்வார்கள்.

இழுக்கலாம், நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு உள்ளேயே போகட்டும். நான் கெஸ்ட் ரூமுக்காக வீட்டில் இருந்து சில்வர் ஓக் மரம் வழியாக வெளியே லேன் வயர் கொண்டுபோனேன். சித்திரையில் ஒரு கோடை மழை. இடி எங்கள் மேல் விழவில்லை, எங்கேயோ பக்கத்தில். பாக்ஸின் லேன் ஓட்டைகள், அந்தப் பக்கம் இருந்த டிவி இரண்டும் போயின. செம்பு வயர் வெளியே நீளமாகக் கிடந்தால் இடியின் வேகத்தை வீட்டுக்குள் இழுத்து வந்துவிடும். இங்கே மண் கொஞ்சம்தான், தோண்டினால் பாறை, எர்த் நன்றாக அமைவது கஷ்டம். ஃபைபர் கண்ணாடி என்பதால் அந்த இழை வழியாக மின்சாரம் வராது.

இடி கேட்டால் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். பிடுங்கினால் மணி போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். பாக்ஸ் விழித்திருக்கும் வரை திரும்பப் போடும்போது டிவி தானாகத் திருத்திக்கொள்ளும்.

பீரோ எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் ஸ்டீல் பீரோவை இரண்டு அடி நகர்த்தியதும் ஹாலில் சிக்னல் ஒரு கோடு கூடியது.

குகை தையல் எழுதியது:

ஞாயிறு போய்த் திங்கள் காலையில் இறங்கி வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஃபைபர் ஏணி தம்பி, நீங்கள் சொன்ன தேதி அப்படியே இருந்தது. மதியம் கரண்ட் போய் வந்ததும் போய்ப் பார்த்தேன். 1970 ஜனவரி 1, காலை 5.33. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "அந்த வருஷம் எனக்குக் கல்யாணமே ஆகலை" என்றார். நேரத்தை அணைத்துப் போட்டேன், நெட் வந்துவிட்டது. இத்தனை நாள் ரவுட்டரையும் பாஸ்வேர்டையும் குறை சொல்லிக்கொண்டு இருந்தேன். யூபிஎஸ்ஸை சேலத்திலேயே 1,400 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போயிருந்தேன், அடாப்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருந்தது. மாட்டிவிட்டு மெயினை அணைத்துப் பார்த்தேன். பாக்ஸில் ஒரு விளக்குகூட இமைக்கவில்லை. மெயினைப் போட்டதும் டிவி எழுந்தது, மணி சரி, நெட் சரி. மூன்று தடவை இப்படிச் செய்து பார்த்தேன்.

மைக் செட் அண்ணா, ராத்திரியில் என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்டதற்காகவே தங்கினேன். ஏழு மணிக்கு நானும் அப்பாவும் உட்கார்ந்தோம். படம் நன்றாக ஓடியது. ஏழரைக்கு அப்பா எழுந்து ஆணியில் மாட்டியிருந்த ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தார். வயர் இல்லாதது, தம்பி டிவியோடு சேர்த்து வாங்கிக் கொடுத்தது. அவருக்குக் காது மந்தம். சத்தம் கூட்டினால் பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தொந்தரவு என்று ஏழரைக்கு மேல் ஹெட்போன்தான். பகலில் நான் இருந்தால் போட மாட்டார், பேச்சு கேட்காது என்று. போட்டு ஐந்து நிமிடத்தில் படம் நின்றது, வட்டம் சுற்றியது. கழற்றி அணைத்தால் ஓடுகிறது. எனக்கு இது புரியவே இல்லை. காதில் போடுவதற்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

செவ்வாய்பேட்டை மைக் செட் எழுதியது:

அக்கா, இது என் தொழில். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில் கூட்டத்தில் மலிவான வயர்லெஸ் மைக் இப்படித்தான் விட்டு விட்டுப் பேசும். அந்த மைக்கில் சிலது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். சுற்றி நிற்கும் ஆயிரம் ஃபோனின் வைஃபையும் ப்ளூடூத்தும் அதே இடத்தில்தான் ஓடுகின்றன.

உங்கள் டிவி வைஃபை 2.4-இல் இருக்கிறது, ஏனென்றால் 5 அந்தச் சுவரைத் தாண்டவில்லை. ஹெட்போனின் ப்ளூடூத்தும் 2.4-தான். அதோடு டிவிக்குள் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சிப், சில டிவியில் ஆண்டெனாவும் ஒன்றே. ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்க வேண்டும். ஹெட்போனுக்குச் சத்தம் இடைவிடாமல் போக வேண்டும் என்பதால் வைஃபைக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. சிக்னல் பலமாக இருந்தால் கிடைத்த நேரத்தில் வாங்கிக்கொண்டு சமாளிக்கும். இரண்டு கல் சுவருக்கு அப்பால் இருந்து வரும் மெலிந்த சிக்னலுக்கு அது போதாது. ஃபோனில் 20 வருகிறது என்றீர்கள், அது ஹெட்போன் இல்லாத கணக்கு.

அப்பாவின் ஹெட்போனைப் பிடுங்க வேண்டாம். வைஃபையைத்தான் அங்கிருந்து நகர்த்த வேண்டும். டிவிக்குப் பின்னால் லேன் ஓட்டை இருக்கும், பாக்ஸில் இருந்து அதற்கு வயர் கொண்டுபோய்ச் சொருகுங்கள். மலைக்காரர் சொன்ன மாதிரி வீட்டுக்கு உள்ளேயே. நூறு மீட்டர் வரை லேன் வயருக்குக் கவலை இல்லை, உங்களுக்குப் பதினைந்து இருபது போதும். கேட் 6 என்று கேட்டு, இரண்டு பக்கமும் முனை போட்டதாக வாங்குங்கள். நிறைய டிவிகளில் அந்த ஓட்டை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வாங்காது, உங்கள் பிளானே 60 என்பதால் அது ஒரு குறை இல்லை. நெட்ஃப்ளிக்ஸ் 1080பி படத்துக்கு 5, 4கே-க்கு 15 இருந்தால் போதும் என்கிறது. வயரில் போட்டாலும் ஃபோனில் இருந்து டிவிக்குப் படம் அனுப்புவது பழையபடி வேலை செய்யும், இரண்டும் ஒரே பாக்ஸில்தானே இருக்கின்றன.

கல் சுவரை ட்ரில் பண்ண ஆரம்பித்துவிடாதீர்கள். பழைய டிஷ் வயர் போன வழி ஏதாவது இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள்.

குகை தையல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உடனே "சரியாகிவிட்டது" என்று எழுதிவிட்டுப் பிறகு ஏமாற வேண்டாம் என்று காத்திருந்தேன்.

டிஷ் வயர் போன வழி இருந்தது அண்ணா. படுக்கை அறைச் சுவரின் மேல்பக்கத்து வென்டிலேட்டரில், மரச்சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலச் சந்து. வயர் 20 மீட்டர், 420 ரூபாய். தையல் டேப்பால் சுவரை அளந்து கொண்டுபோயிருந்தேன், இரண்டு மீட்டர்தான் மிஞ்சியது. அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் ஏறினேன். எந்தச் சுவரையும் துளைக்கவில்லை. சொருகியதும் டிவி தானாகவே வயருக்கு மாறிக்கொண்டது, எதையும் அழுத்தவில்லை. டிவியில் வேகம் 57. ஏழரைக்கு ஹெட்போன் போட்டார். ஒன்பது மணி வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு தடவைகூட வட்டம் சுற்றவில்லை.

செம்மடுவு ஐயா, பீரோவையும் நகர்த்தினோம். இப்போது ஹாலில் ஃபோனுக்கு 20-க்குப் பதில் 26 வருகிறது.

ஃபைபர் ஏணி தம்பி, குறித்து வைக்க முடியுமா என்று கேட்டீர்களே. உங்கள் வார்த்தையை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். எஸ்டேட்டில் 36 வருடம் செக் ரோலும் (ஆட்களின் வருகைக் கணக்கு) மழைக்கணக்கும் எழுதிய கை. பழைய நீளக் கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டார். தேதி, போன மணி, வந்த மணி, டிவி, குறிப்பு. நேற்று ஃபோனில் முழுக்கப் படித்துக் காட்டினார். இருபத்தொரு நாளில் 31 தடவை கரண்ட் போயிருக்கிறது. 30 தடவை "டிவி" என்ற கட்டத்தில் "தானாக" என்று இருக்கிறது.

மிச்சம் ஒன்று, போன வியாழக்கிழமை. மரம் விழுந்து காலை 9.10-க்குப் போன கரண்ட் மாலை 4.45-க்குத்தான் வந்தது. யூபிஎஸ் அத்தனை நேரம் தாங்கவில்லை. பாக்ஸும் டிவியும் மறுபடி ஒன்றாக எழுந்து, மணி 5.30. இதை அப்பா எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லவில்லை. டிவி பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். ஆபீஸ் ரூமுக்குப் போய் பாக்ஸில் பச்சை விளக்கு நிலையாக எரியும் வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் வந்து பிளக்கைப் போட்டிருக்கிறார். அந்த வரிசையில் குறிப்புக் கட்டத்தில் "1970. பச்சை விளக்கு வர 3 நிமிடம். பிளக் எடுத்துப் போட்டேன். சரி" என்று எழுதியிருக்கிறார்.

ஃபைபர் ஏணி எழுதியது:

ரொம்பச் சந்தோஷம் அக்கா. ஏழரை மணி நேரம் எந்தச் சின்ன யூபிஎஸ்ஸும் தாங்குவது கஷ்டம், அதைக் குறையாக நினைக்காதீர்கள். அப்பா செய்ததைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து இங்கே போட முடியுமா? எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் காட்ட வேண்டும்.

குகை தையல் எழுதியது:

ஞாயிறு மேலே போகிறேன், எடுத்துப் போடுகிறேன். அப்பாவிடம் கேட்டுவிட்டேன். அதற்குள் பேனாவில் ஒரு நகல் எடுத்து வைக்கிறாராம், இப்போது இருப்பது பென்சிலில் எழுதியது, ஃபோட்டோவில் தெரியாது என்கிறார்.